அலமேலுவின் கணுக்காலும் ஓர் எல்லைக்கல்லும்

தேசிய மகளிர் கால்பந்து அணியோடு நான் பல நாடுகளுக்குப் போயிருக்கிறேன். போயிருக்கிறேன் என்றுதான் சொல்லலாம். பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். விமான நிலையம், ஓட்டல், மைதானம், மறுபடி ஓட்டல், மறுபடி விமான நிலையம். நான் அணியின் பிசியோ. என் வேலை முழுக்கக் கால்களோடுதான். மற்றவர்கள் ஊர் சுற்றப் போகும்போது நான் யாருடைய முழங்காலுக்காவது ஐஸ் வைத்துக்கொண்டு அறையில் இருப்பேன். ஆகவே, நான் உண்மையிலேயே போய்ப் பார்த்த ஒரே அந்நிய தேசம் எது என்று கேட்டால் கல்வராயன் மலை என்பேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனால் எல்லை இருந்தது, எல்லையில் சோதனையும் இருந்தது. என் பையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியும் வைத்துக்கொண்டார்கள்.

சென்னையில் போட்டி நடந்துகொண்டிருந்தது. குரூப் சுற்றில் தட்டுத்தடுமாறிக் காலிறுதிக்குள் நுழைந்துவிட்டோம். இனி தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அணி மைதானத்தில் இருந்ததைவிட என் மேசைமேல் படுத்திருந்ததுதான் அதிகம். கோல்கீப்பருக்கு விரல் பிசகியிருந்தது. நடுக்களத்தில் ஓடும் பெண்ணுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தற்காப்பின் நடுவில் நிற்கும் அலமேலுவுக்கு வலது கணுக்கால்.

அலமேலு வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். எங்கள் கோலுக்கு முன்னால் அவள் நின்றால் ஒரு சுவர் நின்ற மாதிரி. கார்னர் வந்தால் எதிரணியில் எவ்வளவு உயரமான பெண் இருந்தாலும் பந்து இவள் தலையில்தான் படும். கடைசி குரூப் ஆட்டத்தில் அப்படிக் குதித்து இறங்கும்போதுதான் கால் மடங்கியது. நான் அமுக்கிப் பார்த்தபோது, "சும்மா லேசா மடங்கிச்சிக்கா. வலியே இல்ல" என்று சிரித்தாள். விட்டால் ஓட்டல் தாழ்வாரத்திலேயே பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவாள் என்பதால், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டதும் இரண்டு நாள் விடுப்புக்கு நானே சிபாரிசு செய்தேன்.

இரண்டு நாள் ஆயிற்று. ஆள் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் பயிற்சியாளர் கோவாக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலத்தில் பேசுவார், அதிகக் கோபம் வந்தால் பேசவே மாட்டார். அன்று ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். "நீதானே அனுப்பினாய்? நீயே போய்க் கூட்டி வா. கால் ஆகாது என்றால் நாளை மாலைக்குள் சொல்லிவிடு. நாக்அவுட்டுக்கு முன்னால் காயம்பட்ட ஒருத்திக்கு மாற்று ஆள் எடுக்க அனுமதி உண்டு. பெயரைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு இந்தப் போட்டி அத்தோடு சரி."

அன்றே நான் ஏறிய கள்ளக்குறிச்சி பஸ் தியாகதுருகத்துக்குச் சற்று முன்பு டயர் பஞ்சராகி நின்றது. எல்லாரும் இறங்கிக் கரும்பு வண்டிகளின் தூசியைத் தின்றுகொண்டு நின்றோம். தூரத்தில் கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசாரித்தார்.

"எந்த ஊருக்குப் போய்க்கினு இருக்கீங்க?"

"வெள்ளிமலைக்கு. ஒரு பொண்ணைப் பாக்கணும்."

"ஓ, பொண்ணு பாக்கவா? மாப்ள வரலியா?"

நான் காலை மட்டும்தான் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதுவும் நல்லதுதாங்க. இப்பல்லாம் மொகத்தப் பாத்து ஏமாந்துடறாங்கோ" என்றார். விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த திருப்தியைக் கெடுக்க மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெஸ்ஸில் நுழைந்து மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டேன். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்த பார்வை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற பார்வை. "வெள்ளிக்கெழமைங்க!" என்றார். நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றால் இறைச்சி சாப்பிடாமல் மீன் சாப்பிடுவது. இதை அவருக்குச் சொன்னேன். "மீனு சாப்ட்டா வெரதமா!" என்று கல்லாவில் இருந்தவரிடம் போய்ச் சொல்லி, இருவரும் நெடுநேரம் ரசித்தார்கள். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்தார்கள். நன்றாகவே இருந்தது. என் பையில் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கு ஒரு பாட்டில் இருந்தது. அதை வெளியே எடுக்கத் துணிவில்லை.

மலைக்குப் போகும் பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. கச்சிராயபாளையம் வரை ஒரு டவுன் பஸ், அங்கிருந்து பகிர்ந்து போகும் ஜீப். உள்ளே மரவள்ளி மூட்டைகள், அவற்றின் மேல் மனிதர்கள், மனிதர்கள் மடியில் ஒரு ஆட்டுக்குட்டி. ஓட்டுநர் பெயர் ஏழுமலை. அவர் ஜீப்புக்கு ஒரு மலையே அதிகம். மூன்றாம் வளைவில் புகைந்து நின்றது. "எறங்கி நடங்க. தண்ணி ஊத்தி எடுத்துக்கினு வந்து ஏத்திக்கிறேன்" என்றார். நடந்தோம். காற்று மாறிக்கொண்டே வந்தது. கீழே கரும்புத் தோட்டங்கள் பச்சைச் சதுரங்களாகச் சிறுத்தன. எங்கள் ஊரில் நிமிர்ந்தால் கடல் தெரியும், இங்கே குனிந்தால் ஊர் தெரிகிறது. ஆட்டுக்குட்டி எல்லாரையும் முந்திக்கொண்டு போயிற்று, அதன் கணுக்காலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அலமேலு வீட்டுக்கு என்றதும் ஏழுமலைக்கு என் மேல் மரியாதை கூடிவிட்டது. வெள்ளிமலையில் மற்றவர்களை இறக்கிவிட்டு, மண்சாலையில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். ஊருக்கு முன்னால் இடுப்பளவுக் கல் ஒன்று மஞ்சள் பூசி நின்றது. அங்கே நிறுத்திவிட்டார்.

"கவுச்சி எதனா வச்சிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"திருவிழாவுக்குக் காப்பு கட்டிட்டாங்கோ. கறி, மீனு, கருவாடு எதுவும் கல்லத் தாண்டக்கூடாது."

கருவாடு என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏழுமலை கையை நீட்டினார். பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டு, கல்லுக்கு வெளியே நின்ற பலாமரத்தின் கிளையில் தொங்கவிட்டார். "யாரும் தொடமாட்டாங்கோ. குரங்குதான் கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார்.

இப்படித்தான் நான் அந்த தேசத்துக்குள் அனுமதிக்கப்பட்டேன்.

அலமேலு வீட்டு வாசலில் குந்தி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். ஓட்டம் என்று அவள் நினைத்தாள். எனக்கு அது நொண்டல். அவள் வலது மணிக்கட்டில், மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் ஒன்று பளிச்சென்று கிடந்தது.

அவள் அம்மா பாஞ்சாலை எனக்கு மோர் கொடுத்துவிட்டு வழக்கத்தைச் சொன்னார். வீட்டுக்கு ஒருவர் கையில் அம்மனுக்குக் காப்பு கட்டுவார்கள். மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். கையில் காப்பு உள்ளவர் மட்டும், திருவிழா முடிந்து பூசாரி நூலை அவிழ்க்கும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது.

"எப்போ அவிழ்ப்பாங்க?"

"அடுத்த சனிக்கெழமங்க."

காலிறுதி புதன்கிழமை. நான் விரலை மடக்கி எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

"எதுக்கு இவ கையில கட்டினீங்க?" என்றேன். என் குரல் சற்று உயர்ந்துதான் இருந்தது.

"பொண்ணுக்குக் கால் நல்லாவணும் இல்லீங்களா? அத்தொட்டுதான் அம்மன் காப்ப அவ கையிலயே கட்டுனோம்" என்றார் பாஞ்சாலை, வெகு சாதாரணமாக.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கால் குணமாக வேண்டும் என்று வேண்டி, அந்தக் காலை ஊருக்குள்ளேயே பூட்டிவிட்டார்கள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பது இதுதான். மூடநம்பிக்கை என்று வாய் வரை வந்தது. ஆனால் எங்கள் ஊரில் மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. மீன் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தாலும் போகாது. ஒருமுறை அண்ணன் போகலாம் என்று சொன்னதற்கு அப்பா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அந்த ஊரில் பிறந்துவிட்டு நான் எந்த வாயால் பேசுவது? மோரைக் குடித்தேன்.

இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். காப்பு கட்டியிருப்பதால் தாளிப்பும் கிடையாது. கடுகு வெடிக்காத குழம்பை நான் முதல்முறையாகச் சாப்பிட்டேன். முதல் கவளம் ஏதோ குறைவது போல இருந்தது. நான்காவது கவளத்தில் அவரைக்கொட்டை என்றால் என்ன ருசி என்று புரிந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அலமேலுவை வாசலில் உட்காரவைத்து, அவளே சுற்றியிருந்த கட்டைப் பிரித்தேன். குதிகாலுக்குக் கீழே கருநீலம் இறங்கியிருந்தது. சென்னையில் என் மேசையில் இவ்வளவு தெரியவில்லை. நான் தொடுவதற்கு முன்னாலேயே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்கா மக்கா?"

"இல்லக்கா."

"ஒத்தக் காலில் நில்லு."

நின்றாள்.

"இப்போ குதி."

குதித்தாள். சிரித்துக்கொண்டேதான் குதித்தாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது.

"மெட்ராசில் நான் பார்க்கும்போது வலியில்லைன்னியே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "வலி மாத்திர போட்டுக்கினு வந்தேங்கா. இல்லன்னா ஆட வுடமாட்டீங்கன்னு." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை இட்டுக்கினு போயிடுங்கக்கா. கட்டி வுட்டுட்டா நான் ஆடிடுவேன். இந்தக் காப்ப நானா கட்டிக்கல. அம்மாதான் கட்டிக்கப்போவுதுன்னு கோயிலுக்குப் போனேன். பூசாரி நூலை எடுத்ததும் அம்மா என் கையப் புடிச்சி நீட்டிடுச்சி. அம்மன் எதிர்ல எப்பிடி வாணாம்னு சொல்றது?"

எனக்கு அவளை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடலாமா என்றிருந்தது. ஆனால் அந்தக் காலோடு அவளைப் புதன்கிழமை மைதானத்தில் இறக்கினால், அடுத்த கார்னருக்குக் குதித்து இறங்கும்போது மூட்டு நாரே அறுந்துவிடும். பிறகு ஒரு வருஷம் பந்தைத் தொட முடியாது. ஒரு வாரம் ஒழுங்காக இருந்தால், அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அரையிறுதிக்கு ஒருவேளை தயாராகலாம். அரையிறுதி என்று ஒன்று எங்களுக்கு இருக்குமானால். நேற்று எந்தக் காப்பின் மேல் கோபப்பட்டேனோ, அந்தக் காப்பு நான் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்துச் சீட்டாக அவள் கையில் கிடந்தது. இது எனக்குச் சற்று எரிச்சலாகவும் இருந்தது.

ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், நம்பினால் நம்புங்கள், அந்தப் பலாமரத்தடி. தொக்கு பாட்டிலுக்குக் கீழே நின்று பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். புதன்கிழமை ஆட முடியாது, அரையிறுதிக்கு ஆகலாம், மாற்று ஆள் எடுக்க வேண்டாம் என்றேன். காப்பு விவகாரத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

எதிர்முனையில் மௌனம். அதிகக் கோபம்.

"ஆகலாமா, ஆகுமா?" என்றார் கடைசியில்.

ஆகலாம் என்பதுதான் உண்மை. ஆனால் கல்லுக்கு அந்தப் பக்கம் அலமேலு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. "ஆகும்" என்றேன்.

"அப்படியானால் நீயும் அங்கேயே இருந்து அந்தக் காலைச் சரி செய். இங்கே இருப்பவர்களை உன் உதவியாள் பார்த்துக்கொள்வாள். அரையிறுதிக்கு அந்தக் கால் வரவில்லையென்றால் நீயும் வராதே." போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு வந்த நாள்களைப் போல நிம்மதியாக நான் சமீபத்தில் இருந்ததில்லை. வேலை போய்விடும் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது வாஸ்தவம். ஆனால் கீழே சாப்பாடு நன்றாக இருந்தது.

ஐஸுக்குப் பதில் ஓடை இருந்தது. அதிகாலையில் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் எந்த ஓட்டல் ஐஸ் பெட்டியும் தோற்றுவிடும். சமநிலைப் பயிற்சிக்கு எங்களிடம் வெளிநாட்டு ரப்பர் மெத்தை உண்டு. இங்கே பாதி நிரப்பிய சாமை மூட்டை. அதன் மேல் ஒற்றைக் காலில் அலமேலு நிற்க, நான் பலாக்கொட்டைகளை வீச, அவள் பிடிக்க வேண்டும். இதைப் பார்க்கத் தினமும் கூட்டம் சேர்ந்தது. என்னைக் கால் டாக்டர் என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் நாள் விளக்கினேன், இரண்டாம் நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நாலைந்து பெண்கள் தங்கள் முழங்கால்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். களை எடுத்துக் களை எடுத்துத் தேய்ந்த முழங்கால்கள். என்னால் முடிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்குத் தேனும் பலாச்சுளையும் வந்தன.

சாப்பாட்டு நேரத்தில் நான் தட்டை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போவேன். பலாமரத்தடியில் உட்கார்ந்து, சாமைச் சோற்றோடு இரண்டு விரல் தொக்கைத் தொட்டுக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவேன். ஊர்ப் பெண்கள் கல்லுக்கு உள்ளே நின்று கேலி செய்வார்கள். "கால் டாக்டரு வெளிநாடு போய்க்கினு இருக்காங்கோ!" சாமையும் கருவாடும் அவ்வளவு பொருந்தும் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அலமேலுவுக்குத்தான் நிம்மதி இல்லை. அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் அடிக்கடி ஒரே கேள்வி. "எப்பக்கா குதிக்கறது?" நடந்தாயிற்று. மெல்ல ஓடியும் ஆயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் குதிக்கச் சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் கால் மேல் இருந்த அக்கறை பாதி. மீதி என்னவென்றால், குதித்து வலித்துவிட்டால் நான் பயிற்சியாளரிடம் சொன்னது பொய்யாகிவிடும்.

புதன்கிழமை மத்தியானம் பாஞ்சாலையோடு ஓடைக்குப் போனேன். அவர் பாத்திரம் துலக்க, நான் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் துணி அலசிய ஒரு பெண், "இந்த வருசம் பொண்ணு கையில கட்டிட்டியே பாஞ்சால. எப்பவும் நீதான கட்டிக்குவ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் பாஞ்சாலையைப் பார்த்தேன். அவர் சட்டியைச் சாம்பல் போட்டு மேலும் அழுத்தித் தேய்த்தார்.

"கால் நல்லாவணும்னுதான் கட்டுனேன். பொய்யில்ல" என்றார். "ஆனா அவ வந்த அன்னிக்கே பாத்துட்டேங்க. காலு பூசணிக்கா கணக்கா கீது. இன்னாடி இதுன்னா, ஒண்ணுமில்லன்றா. ரெண்டு நாளு இரு, அப்பறம் போன்னா, காலைல பஸ்ஸுக்குப் போறேன்றா. சின்னப் புள்ளையிலேர்ந்து அப்பிடித்தான். ஒருத்தர் சொன்னாலும் நிக்கமாட்டா. அவங்கப்பா சொல்லி நிக்கல, வாத்தியாரு சொல்லி நிக்கல. நான் சொல்லியா நிக்கப்போறா? அவளக் குந்த வைக்க அம்மன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

"எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவள இட்டுக்கினு போவத்தான வந்தீங்க?" என்றார் பாஞ்சாலை.

அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "அவ ஆட்டம் போச்சுன்னா என் மொகத்துலயே முழிக்கமாட்டா. எனக்குத் தெரியாதா? கட்டும்போதே தெரியும்." எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கை ஈரமாக இருந்தது, ஆனாலும் கட்டிக்கொண்டேன். மகள் கையில் அவர் காப்பு கட்டியதைத் தவறு என்று நினைத்திருந்தேன், அது தவறே இல்லை.

ஆட்டம் மாலையில். என் போனைத் தவிர வேறு வழியில்லை. போனுக்குப் பலாமரத்தடியைத் தவிர வேறு வழியில்லை. காப்பு கட்டியவர்கள் கல்லைத் தாண்டக்கூடாது. அவர்கள் தாண்டாதபோது நாங்கள் மட்டும் தாண்டுவதா என்று மற்றவர்களும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். ஆக, ஊர் மொத்தமும் கல்லுக்கு உள்ளே. நான் ஒருத்தி மட்டும் வெளியே, மரத்தடியில், கையில் போனோடு. பார்த்துப் பார்த்து நான் சத்தம்போட்டுச் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக வர்ணனையாளர் ஆனேன்.

நான் நல்ல வர்ணனையாளர் இல்லை. யாருடைய கால் எப்படி இருக்கிறது என்றுதான் கண் போயிற்று. "நம்ம கேப்டன் ஓடுறா, இடுப்பு பரவாயில்லை!" என்று கத்தினேன். "பந்து யாருகிட்ட, அதச் சொல்லுங்க!" என்று உள்ளேயிருந்து திட்டு வந்தது. அலமேலு கல்லை ஒட்டி நின்றாள். அவள் இடத்தில் ஒரு கேரளத்துப் பெண் ஆடினாள். அவள் கோல் வாசலில் ஒரு பந்தைத் தடுத்ததைச் சொன்னேன். ஊர் கைதட்டியது. அலமேலுவும் தட்டினாள். பிறகு, "அது என் எடங்கா" என்று மெதுவாகச் சொன்னாள். கல்லுக்கு இந்தப் பக்கம் எனக்கு அது நன்றாகவே கேட்டது. பாஞ்சாலைக்கும் கேட்டிருக்கும். அவர் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இருபக்கமும் கோல் விழாமலே நேரம் ஓடியது. மலைமேல் வெயில் சரிந்து, பலாமரத்தின் நிழல் கல்லைத் தாண்டி ஊருக்குள் போயிற்று. முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர்.

"கார்னர்! அடிக்கப் போறா. அடிச்சிட்டா! பந்து மேலே..."

படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல போயி?"

"தெரியலை! நின்னுபோச்சு!"

"இன்னா நின்னுபோச்சு? ஆட்டமா?"

"போன்! போன் நின்னுபோச்சு!"

ஊர் மொத்தமும் அந்தப் பந்தை ஆகாயத்தில் விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கையை உயரத் தூக்கினேன், மரத்தைச் சுற்றினேன், தொக்குப் பை தலையில் இடித்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று படம் தாவியது. புல் மேல் எங்கள் பெண்கள் ஒருவர் மேல் ஒருவராக மூட்டை மாதிரி விழுந்து கிடந்தார்கள்.

"கோல்! கோல் மக்களே, கோல்!"

அலமேலு குதித்தாள். நான் இத்தனை நாள் தள்ளிப்போட்ட குதி. கார்னருக்குக் குதிப்பது போலவே, தலை மேலே, கை அகல, கூட்டத்தின் மேலாக எழும்பினாள். எழும்பியவள் முன்பக்கம் கல்லை நோக்கி வந்தாள். கத்திக்கொண்டிருந்த ஊர் ஒரே நொடியில் வாயை மூடியது.

வலது காலில், ஒற்றைக் காலில் இறங்கினாள்.

அத்தனை பேரும் குனிந்து, அந்தக் கால் கல்லுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். நான் அந்தக் கால் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். பூசாரி மண்ணில் முழங்காலிட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கந்தான்! ரெண்டு வெரல் உள்ளதான் கீது!" என்று கத்தினார். அலமேலு அந்த ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை.

"வலிக்கா?" என்றேன்.

"நெசமாவே இல்லக்கா" என்றாள் அவள். பிறகு திரும்பிக் கூட்டத்தின் பின்னால் யாரையோ தேடினாள். "அம்மா எங்க? யம்மா!" என்று கத்திக்கொண்டே, நொண்டாமல், ஓடினாள்.

அந்த ஒரே கோலில் நாங்கள் வென்று ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் பயிற்சியாளரிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: கால்? நான் கிளையிலிருந்து பாட்டிலை இறக்கி, மிச்சமிருந்த தொக்கை விரலால் வழித்து நக்கிக்கொண்டே இடது கையால் பதில் அனுப்பினேன்.

இரண்டு பேரும் வருகிறோம்.